ஒரே மனிதர், இரண்டு வரிசைகள்



சிறுதொழில் வளர்ச்சி, நுகர்வோர் பாதுகாப்பு என்ற இரண்டில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று இந்தக் கூட்டத்தின் அமைப்பாளர்கள் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன் என்றேன். கோட்டையில் இவை இரண்டு தனித்தனித் துறைகள். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு ஒரு துறை. கூட்டுறவு, உணவு, நுகர்வோர் பாதுகாப்புக்கு இன்னொன்று. தில்லியிலும் இரண்டு அமைச்சகங்கள். கெடுபிடியைக் குறைக்கச் சொல்வார்கள் ஒரு பக்கம். கண்காணிப்பைக் கூட்டச் சொல்வார்கள் மறுபக்கம். தொழில் செய்பவருக்குச் சலுகை கொடுத்தால் வாங்குபவர் ஏமாறுவார், வாங்குபவரைக் காத்தால் சிறுதொழில் நசியும் என்ற எண்ணம் இதனால் ஆழமாக ஊன்றிவிட்டது. மாவட்டத் தொழில் மையத்தில் பணியாற்றிய காலத்தில் இந்த எண்ணத்தைக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டிருக்கிறேன்.

சிறுதொழில் செய்பவர் ஒரே நாளில் இரண்டு வரிசைகளில் நிற்கிறார். மூலப்பொருள், இயந்திரம், மின்சாரம், கடன், காப்பீடு ஆகியவற்றை வாங்கும் வரிசை ஒன்று. செய்த பொருளை விற்கும் வரிசை மற்றொன்று. இரண்டிலும் அவர் பலம் குறைந்தவர். விற்கும்போது, தன் சரக்கு நல்ல சரக்கு என்று காட்ட அவரிடம் ஆய்வகமும் இல்லை, விளம்பரப் பணமும் இல்லை. வாங்கும்போது ஏமாந்தால், போய்க் கேட்க ஓர் இடமில்லை. அரசின் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வரிசைகளுக்கும் வெளியே, வங்கி வாசலில், அவரைச் சந்தித்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அவரை அந்த வரிசைகளுக்குள்ளேயே போய்ச் சந்திக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

பழைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1949இல் சென்னை மாகாணத்தில் தொழில் முதலீட்டுக் கழகம் வந்தது. இன்றைய டிக் நிறுவனம் அதுதான். 1955இல் தேசியச் சிறுதொழில் கழகம் வந்து, தவணை முறையில் இயந்திரம் கொடுக்கத் தொடங்கியது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை. அப்போது காமராஜர் முதலமைச்சர், ஆர். வெங்கடராமன் தொழில் அமைச்சர். கூரை போட்ட கொட்டகை, மின் இணைப்பு, சாலை ஆகியவற்றைக் கையில் அதிகப் பணம் இல்லாதவர்களுக்கு அரசு ஏற்பாடு செய்து கொடுத்தது, அன்றைய நிலையில் பெரிய காரியம். அம்பத்தூர் அதன் தொடர்ச்சி. இதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை.

பிறகு 1967இல் ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தது. சில பொருட்களைச் சிறுதொழில்கள் மட்டுமே செய்யலாம் என்ற ஏற்பாடு. நாற்பத்தேழு பொருட்களில் தொடங்கி எண்ணூறுக்கு மேல் வளர்ந்து, பின்னர் படிப்படியாகக் குறைந்து, கடைசி இருபது பொருட்கள் 2015 ஏப்ரலில் பட்டியலிலிருந்து நீங்கின. அந்த இருபதில் ஊறுகாய், பிரெட், கடலை எண்ணெய், தீப்பெட்டி, பட்டாசு, மெழுகுவத்தி, ஊதுவத்தி, எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் இருந்தன. நம் மாநிலத்தின் சிற்றூர்களை நடத்தும் பொருட்கள்! ஒதுக்கீடு பெரிய நிறுவனங்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. உள்ளே இருந்தவருக்கு வாங்குபவரின் நம்பிக்கையைச் சம்பாதிக்க எந்தக் கருவியும் தரவில்லை. தரத்தை அளக்கச் சொல்லிக் கேட்கவுமில்லை, அளக்க உதவவுமில்லை. ஒதுக்கீடு என்ற சுவர் இடிந்த நாளில் சொந்தப் பெயரை ஊரறியச் செய்திருந்தவர்கள் நின்றார்கள். மற்றவர்கள் பெரிய நிறுவனத்துக்குச் சரக்குச் செய்து கொடுத்து, அந்த நிறுவனத்தின் லேபிளுக்குப் பின்னால் மறைந்துபோனார்கள்.

இதே அரசு, இதே நாட்டில், வேறொரு வழியையும் கண்டுபிடித்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வனஸ்பதி நாடு முழுக்கப் பரவியது. நம் ஊரில் டால்டா என்றே அதற்குப் பெயர். தாவர எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டிப்படுத்திய கொழுப்பு அது; பார்வைக்கு நெய் மாதிரியே இருக்கும், விலை குறைவு. நெய்யோடு கலந்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இதில் அடிபட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர், பிள்ளைக்கு நெய் என்று நம்பி வாங்கிய தாய். இன்னொருவர், இரண்டு எருமை வைத்து வெண்ணெய் உருக்கி விற்ற குடும்பம். கலப்பட நெய் மலிவாகக் கிடைக்கும்போது சுத்த நெய்க்காரரால் அந்த விலைக்கு விற்க முடியாது. சுத்தம் என்று அவர் சத்தியம் செய்தாலும் வாங்குபவர் நம்ப மாட்டார்.

வனஸ்பதியையே தடை செய்ய வேண்டும் என்று நாடாளுமன்றம் வரை குரல் எழுந்தது. வண்ணம் சேர்த்துவிட்டால் கலப்படம் தெரிந்துவிடுமே என்றார்கள். சூடாக்கினாலும் போகாத, உடம்புக்கும் கேடு செய்யாத பொருத்தமான வண்ணம் அகப்படவில்லை. கடைசியில் விதி ஒன்று வந்தது. வனஸ்பதி தயாரிக்கும் ஒவ்வொருவரும் அதில் நூற்றுக்கு ஐந்து பங்காவது நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும். ஏன் நல்லெண்ணெய்? எள்ளில் உள்ள ஒரு பொருள், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் சேர்ந்தால் சிவப்பு நிறம் காட்டும். பௌடுவான் சோதனை என்று அதற்குப் பெயர். ஒரு சோதனைக் குழாய், சில சொட்டு மருந்து, சில நிமிடங்கள். நெய் சிவந்தால் அதில் வனஸ்பதி இருக்கிறது.

இந்த விதியின் அழகை நான் வியக்காத நாளில்லை. வனஸ்பதி ஆலை மூடப்படவில்லை. எருமை வைத்திருந்தவரிடம் உரிமம் கேட்கவில்லை, கட்டணம் வாங்கவில்லை, லேபிள் ஒட்டச் சொல்லவில்லை. நிரூபிக்கும் செலவைத் தாங்கக்கூடியவர் தலையில் வைத்தார்கள். நிரூபிக்கும் முறையை எந்தச் சிற்றூர் ஆய்வகத்திலும் செய்யக்கூடிய அளவுக்கு எளிதாக்கினார்கள். தாயும் காப்பாற்றப்பட்டாள், நெய்க்காரரும் காப்பாற்றப்பட்டார். ஒரே விதிதான்.

அதே போக்கில் அமைந்ததுதான் அக்மார்க். 1937இல் வந்த வேளாண் விளைபொருள் தரம்பிரிப்புச் சட்டத்தின் பிள்ளை அது. பெரும்பாலான பொருட்களுக்கு விருப்பம் இருந்தால் வாங்கலாம், கட்டாயமில்லை. நெய், தேன், மிளகாய்த்தூள், மல்லித்தூள் பாக்கெட் போடும் சிறியவர் சொந்தமாக ஆய்வகம் வைக்க முடியாது என்பதை முன்பே உணர்ந்து, மாநில வேளாண் விற்பனைத் துறை பல ஊர்களில் அக்மார்க் ஆய்வகங்களைத் தானே நடத்துகிறது. சரக்கின் மாதிரி அங்கே போகும், நெய்யானால் தூய்மையைக் காட்டும் ஆர்.எம். மதிப்பு பார்ப்பார்கள், பௌடுவான் பார்ப்பார்கள். தேறினால் அந்தத் தொகுதிக்கு முத்திரை. ஊத்துக்குளிப் பக்கம் நெய் வியாபாரத்தில் இருப்பவரிடம் கேட்டால் அந்த முத்திரையின் மதிப்பைச் சொல்வார். வீட்டில் மசாலா அரைத்து விற்கத் தொடங்கிய பெண்களிடம் மளிகைக் கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி "மானியம் வாங்கினீங்களா?" என்பதாக ஒருபோதும் இருந்ததில்லை. "அக்மார்க் இருக்கா?" என்றுதான் கேட்பார். ஒரு முத்திரை அவர்கள் சரக்கைக் கடை அலமாரியில் ஏற்றியது. மானியத்தால் வாங்கிய அரைவை இயந்திரம் மட்டும் இருந்திருந்தால், அரைத்த மசாலா வீட்டிலேயே கிடந்திருக்கும்.

மானியம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். பிணையாகக் கொடுக்க நிலமோ வீடோ இல்லாத குடும்பத்திலிருந்து வருகிறவருக்கு முதல் படி அதுதான். பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்காக 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் திட்டச் செலவில் 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் கிடைக்கின்றன. தலைமுறைகளாகச் சொத்து மறுக்கப்பட்டவர்களுக்கு இது நியாயமான ஈடு. என் வருத்தமெல்லாம், படி ஏறியவர் அடுத்து எங்கே போய் நிற்பார் என்பதை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான்.

அண்மை ஆண்டுகளில் வந்த தரக் கட்டுப்பாட்டு ஆணைகளைப் பாருங்கள். பொம்மைகளுக்கான ஆணை 2020இல் பிறப்பிக்கப்பட்டு 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது. குழந்தை வாயில் வைக்கும் பொருள். அதில் ஈயம் கலந்த வண்ணம் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு இம்மியளவும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் முத்திரை வாங்க ஆய்வகம் வேண்டும், ஆய்வகத்துக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும். குறுந்தொழில்கள் சொந்த ஆய்வகம் வைப்பதற்குத் தவணை நீட்டிக் கொடுத்தார்கள், கட்டணத்தில் சலுகை கொடுத்தார்கள். கைவினைஞர்களாகப் பதிவு செய்தவர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கே கொடுத்தார்கள். அதனால் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை தப்பியது. அந்த விலக்கு சரி. களிமண்ணும் காகிதக் கூழும் வைத்துச் செய்கிற ஒரு கலையை ஆலை பிளாஸ்டிக்கின் அளவுகோலால் அளக்க முடியாது.

ஆனால் விலக்கு எல்லா இடத்திலும் உதவி ஆகாது. தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமானபோது, ஆண்டு வியாபாரம் 40 லட்சத்துக்கு உட்பட்ட நகைக்கடைக்காரர்களுக்கு விலக்கு அளித்தார்கள். சிறியவரைக் காப்பதாகத்தான் எண்ணினார்கள். விளைவை யோசித்துப் பாருங்கள். பெரிய கடையில் வாங்கினால் ஆறு எழுத்து எண்ணோடு நகை வருகிறது. அந்த எண்ணைச் செல்பேசியில் தட்டினால் தூய்மை தெரிகிறது. தெருமுனைப் பத்தரிடம் செய்தால் அவர் வாக்கு மட்டும்தான். மூன்று தலைமுறை வாக்கு என்றாலும், கல்யாணத்துக்கு நகை எடுக்கும் பெண்ணின் தகப்பன் எங்கே போவார்? விலக்கு என்பது அரசுக்குச் செலவில்லாத உதவி. அதன் முழுச் செலவையும் அந்தப் பத்தர் தன் வியாபாரத்தில் கட்டுகிறார். அவருக்கு விலக்குக்குப் பதிலாக, தாலுகாதோறும் ஒரு ஹால்மார்க் மையத்தையும், அங்கே அவர் நகைக்குக் கட்டணமில்லாத முத்திரையையும் கொடுத்திருந்தால் அவர் பெரிய கடையோடு சமமாக நின்றிருப்பார்.

புவிசார் குறியீட்டிலும் இதே குறை உண்டு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் அந்தக் குறியீட்டைப் பெற்றது. அதற்கான பதிவகம் நம் கிண்டியில்தான் இருக்கிறது. பதிவோடு விழா முடிந்துவிடுகிறது. வேறு ஊரில் செய்த மிட்டாயைக் கோவில்பட்டி என்று எழுதி விற்றால், கண்டுபிடிக்கிற பொறுப்பும் வழக்குப் போடுகிற செலவும் மிட்டாய் செய்பவர் தலையில். அவர் பாகு காய்ச்சுவாரா, சென்னைக்கு வக்கீல் பார்க்க வருவாரா? எடைக்கல்லுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கத் தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வருகிறார். பாக்கெட்டில் எடையும் விலையும் தேதியும் உண்டா என்றும் அவரே பார்க்கிறார். அந்த ஆய்வாளரின் கையிலேயே ஊர்ப்பெயரைச் சரிபார்க்கும் வேலையையும் கொடுத்தால், போலியைப் பிடிக்கப் புதிதாக ஒரு அலுவலகம் தேவைப்படாது.

இதுவரை விற்கும் வரிசையைப் பற்றிப் பேசினேன். வாங்கும் வரிசை இன்னும் துயரமானது. அதைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சே இல்லை என்பதால் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று அதில் எழுதினார்கள். அப்படியானால் ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர்? தையல் இயந்திரம் வாங்கி வீட்டில் தைக்கிற பெண்? இவர்களுக்காக 1993இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது.

இந்த விளக்கத்தின் எல்லையை உச்ச நீதிமன்றம் 1995இல் வகுத்தது, லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில். மகாராஷ்டிரத்தில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு சிறுதொழில் நிறுவனம் கோவையிலிருந்து ஒரு கணினிவழிக் கடைசல் இயந்திரம் வாங்கியது. தாமதமாக வந்தது, குறையோடு வந்தது என்று புகார். மாநில ஆணையம் இழப்பீடு தரச் சொன்னது. தேசிய ஆணையம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் அந்த நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று முடித்தது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிமன்றம் சொன்ன உதாரணங்கள் அருமையானவை. தானே ஓட்ட ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர். தானே இயக்க லேத் வாங்குகிறவர் நுகர்வோர். துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டதால் அவருடைய தகுதி போய்விடாது.

இந்த ஓரிருவர் என்பதுதான் எல்லைக்கோடு. சிங்காநல்லூரிலோ கணபதியிலோ இரண்டு லேத்தோடு நடக்கும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையை எண்ணிப் பாருங்கள். முதலாளி காலை ஷிப்டில் தானே லேத்தில் நிற்பார். இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் வைத்து, மொத்தம் நான்கு பேர் ஆகிவிட்டால் அவர் வணிகர். குறையுள்ள இயந்திரத்துக்காகச் சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நீதிமன்றக் கட்டணம், வக்கீல் கட்டணம், ஆண்டுக்கணக்கில் வாய்தா. நான்கு பேருக்கு வேலை கொடுத்த ஒரே காரணத்தால் அவர் பாதுகாப்பை இழக்கிறார். வேலைவாய்ப்பைப் பெருக்க ஒரு கையால் கடன் கொடுக்கும் அரசு, பெருக்கியவுடன் மறு கையால் கதவைச் சாத்துகிறது.

சேவைகளின் கதை இன்னும் மோசம். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவைகளையும் சட்டத்திலிருந்து விலக்கினார்கள். ஆனால் நியாயமாக, பிழைப்புக்காகப் பெறும் சேவைகளுக்கு விளக்கத்திலேயே இடம் கொடுத்திருந்தார்கள். 2019ஆம் ஆண்டுப் புதிய சட்டம் 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்தபோது, விளக்கத்தில் பொருள் மட்டும் இருக்கிறது. சேவை காணாமல் போய்விட்டது. விலக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. தையல் இயந்திரம் பழுதானால் அந்தப் பெண் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அந்த இயந்திரத்துக்குக் கடன் கொடுத்த நிதி நிறுவனம் ஒப்பந்தத்தில் இல்லாத கட்டணத்தைப் பிடித்தால், பழுதுபார்த்தவர் பணம் வாங்கிக்கொண்டு வேலையைக் கெடுத்தால், அவர் நுகர்வோரா இல்லையா என்று வாதாட வேண்டியிருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லாமல் புகார் கொடுக்கலாம் என்று பெருமையாகச் சொல்லும் சட்டத்தின் வாசலிலேயே, ஏழை உழைப்பாளியிடம் நீ யார் என்ற கேள்வி கேட்கப்படுகிறது.

காப்பீட்டிலும் வங்கியிலும் மட்டும் சற்று ஒளி தெரிகிறது. 2023இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வணிக நிறுவனம் எடுத்த காப்பீடு நட்டத்தை ஈடுகட்டத்தான், லாபம் ஈட்ட அல்ல, எனவே அந்த நிறுவனமும் நுகர்வோராகப் புகார் கொடுக்கலாம் என்றது. தீ விபத்திலோ வெள்ளத்திலோ கிடங்கை இழந்த சிறு வியாபாரிக்கு இது பெரிய ஆறுதல். வங்கிக் குறைகளுக்கு ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது. அதில் வணிகர் என்று சொல்லித் திருப்பி அனுப்புவதில்லை, கட்டணமும் இல்லை. குறிப்பிட்ட வரம்பு வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் பழைய கட்டளை. மாறும் வட்டியில் வாங்கிய கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று, 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கப்படும், புதுப்பிக்கப்படும் குறு, சிறு தொழில் கடன்களுக்கும் விதி செய்திருக்கிறார்கள். வீட்டுக்கடன் வாங்கியவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த நியாயம் பட்டறைக்காரருக்கு இப்போதுதான் வந்து சேர்கிறது. இவற்றை நம் சங்கங்கள் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். தெரியாததால் இழக்கும் உரிமைகளே நம்மிடம் அதிகம்.

மின்சாரத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2022 செப்டம்பர் கட்டண உயர்வில் நிலைக்கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் ஏறியபோது, ஆர்டர் இல்லாத மாதத்திலும் கட்டியே தீர வேண்டிய தொகையாக அது சிறுதொழில்களை அழுத்தியது. 2023 செப்டம்பர் 25இல் மாநிலம் முழுக்கத் தொழிற்கூடங்கள் ஒருநாள் கதவடைத்தன. கதவடைப்பு என்பது கூலியை இழந்து நடத்தும் போராட்டம். வீட்டு மின்நுகர்வோருக்காகப் பேச அமைப்புகள் இருக்கின்றன, ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்பில் அவர்கள் வந்து நிற்கிறார்கள். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வைத்திருப்பவரும் அங்கே நுகர்வோராகவே நடத்தப்பட வேண்டும்.

கடைசியாக, பாக்கி. இந்த அவையில் பட்டறை நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் சொல் இது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பாக்கி வழக்குகளைக் கேட்கும் வசதியாக்க மன்றம் 90 நாளில் தீர்ப்பளிக்க வேண்டும். சென்னைக்கு வெளியே கோவை, திருச்சி, மதுரையிலும் மன்றங்கள் வந்துவிட்டன. எதிர்த்து மேலே போகிறவர் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்பணமாகக் கட்ட வேண்டும். போதாததற்கு, 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியிலும் கை வைத்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் தராதவர், தருகிற வரையில் அதைச் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது.

இவ்வளவு கூர்மையான சட்டம் ஏன் வெட்டவில்லை? புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடும். அவ்வளவுதான் காரணம். ஒரே நிறுவனத்துக்கு நட்டும் போல்ட்டும் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர், அந்த நிறுவனத்தின் மேல் மன்றத்துக்குப் போவது, தான் உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது. வருமான வரி விதி வந்ததும், பதிவு இல்லாத நிறுவனங்களுக்கு ஆர்டரை மாற்றிவிடுவோம் என்று வாங்குபவர்கள் சொல்வதாக ஜவுளிச் சந்தைகளில் பேச்சு எழுந்தது. பாதுகாப்பே பாதகமாக மாறும் இடம் இது.

நுகர்வோர் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி வைத்திருக்கிறது, அதைத்தான் நாம் கடன் வாங்க வேண்டும். கெட்டுப்போன எண்ணெயை வாங்கியவர் தன் பெயரில் வந்து நிற்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற நுகர்வோர் சங்கம் அவருக்காகப் புகார் கொடுக்கலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் யாரும் புகார் கொடுக்காமலே தானாக விசாரிக்கலாம். சிறுதொழில் பாக்கிக்கோ, வழக்கில் சம்பந்தப்பட்டவர் தானே வந்து மனுக் கொடுக்க வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. அவருக்காகச் சங்கம் மனுக் கொடுக்க உரிமை வேண்டும். அதற்கும் மேலாக, மன்றமே பார்க்கட்டும். சரக்கு போன தேதியும் தொகையும் ஜி.எஸ்.டி. கணக்கில் இருக்கின்றன. பதிவுபெற்ற குறுந்தொழில்களிடம் வாங்கிய ஒவ்வொரு பெரிய நிறுவனத்தின் பாக்கியையும், யார் புகார் கொடுத்தது என்ற பெயரே இல்லாமல், மன்றம் ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பார்க்கலாம். அப்போது எந்தப் பட்டறைக்காரர் மேலும் கோபம் திரும்பாது.

இவற்றையெல்லாம் ஒரு மாநில அரசு செய்ய முடியுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். சட்டத் திருத்தத்துக்கு நாடாளுமன்றம்தான் வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடுபட்ட சேவைகளைத் திரும்பச் சேர்ப்பதற்கும், ஓரிருவர் என்ற எல்லையை மத்திய அரசின் உத்யம் பதிவேட்டில் உள்ள குறுந்தொழில்கள் வரை நீட்டுவதற்கும் அப்படித்தான். ஆனால் மாநிலத்துக்கு உட்பட்ட வேலை நிறைய இருக்கிறது. முன்பு சொன்ன அக்மார்க் ஆய்வகங்கள் மாநிலத்தினுடையவை. அவற்றில் மசாலா, எண்ணெயோடு நிற்காமல் பொம்மை வண்ணத்தையும் மின்சாதனத்தையும் சோதிக்கும் கருவிகளைச் சேர்க்கலாம். வசதியாக்க மன்றங்களுக்கு ஆள் நியமிப்பது மாநிலத்தின் கையில். அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் சிறுதொழில்களுக்கு வைத்திருக்கும் சொந்தப் பாக்கியை 45 நாளில் தீர்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பேரூராட்சிக்குத் தெருவிளக்கு மாட்டிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பில்லுக்காக அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த நாட்களில் அவர் பட்டறையில் கூலி கொடுத்தது அவர் மனைவியின் வளையல். வரும் நிதிநிலை அறிக்கையில், ஒவ்வொரு துறையும் தன் சிறுதொழில் பாக்கியைத் தேதிவாரியாக வெளியிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், பெரிய நிறுவனங்களிடம் அதையே கேட்கும் உரிமை அரசுக்கு மறுநாளே வந்துவிடும். அந்த ஒரு வரிக்காக இங்கே இருக்கும் சங்கத் தலைவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு மனு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.